கதிர்காமத்துக் காட்டிலிருந்து வந்த மன்னர்

ஊவாப் பெரும்போர்: தொடர் கட்டுரை

வெல்லஸ்ஸக் காட்டில் ஆங்கில அதிகாரி வில்சன் துரை அம்புபட்டு வீழ்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். புத்தரின் தந்ததாது ஆங்கிலேயர் கைக்கு மீண்ட கதையை, அதாவது இப்போரின் போக்கையே மாற்றிய அந்தத் திருப்பத்தை, இவ்வாரம் விவரிப்பதாகவும் வாக்களித்திருந்தேன். ஆயினும், அந்தத் தாதுவைக் காடும் மலையுமாகச் சுமந்து திரிந்தவர்கள் எந்த மனிதரின் பெயரால் சுமந்தார்களோ, அந்த மனிதரை முறைப்படி சபைக்கு அழைத்து வராமல் மேலே செல்ல என் மனம் ஒருப்படவில்லை. அவர் பெயர் வில்பாவே. தம்மை அவர் அழைத்துக்கொண்ட பெயரோ துரைசாமி.

பிறப்பால் கண்டிச் சிங்களவராகிய வில்பாவே ஒரு காலத்தில் பௌத்த பிக்குவாக இருந்து, பின்னர் துவராடையைக் களைந்தவர். 1817 ஆம் ஆண்டில் கதிர்காமத்தை அடுத்த வனப் பிரதேசத்தில் தோன்றிய அவர், தாம் நாயக்க ராஜவம்சத்தவர் என்றும், இழந்த சிங்காசனத்தை மீட்குமாறு கதிர்காமத் தெய்வமே தம்மைத் தெரிந்தெடுத்ததென்றும் அறிவித்தார். இந்த அறிவிப்பு எத்துணைச் சாமர்த்தியமாக அமைந்தது என்பதைச் சற்று ஆராய வேண்டும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடுவதற்கு முன் கண்டியின் கடைசி மன்னரின் பெயர் கண்ணுசாமி. 1803 இல் ஆங்கிலேயர் கண்டியிலே பொம்மை அரசராக உட்கார்த்திவைத்துப் பின்னர் கைவிட்ட அவருடைய உறவினர் முத்துசாமி. அந்த வரிசையில் துரைசாமி என்ற பெயரைக் கேட்ட எவருக்கும் ஐயம் எழக் காரணமே இல்லை. அதனோடு, 1815 பெப்ரவரி 18 ஆம் தேதி பிடிபட்ட மன்னரும் அவருடைய சுற்றத்தாரும் கடல் கடந்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு விட்டமையால், இவர் யார் என்று அடையாளம் சொல்லக்கூடிய நாயக்கர் குடும்பத்தவர் பெரும்பாலும் தேசத்திலேயே இல்லை.

வம்சம் ஒரு பாதிதான். மற்றப் பாதி தெய்வம். தோட்டங்களிலிருந்து ஆடி மாதந்தோறும் காவடியெடுத்துக் கதிர்காமம் செல்லும் நம்மவர்களுக்கு அந்தச் சந்நிதியின் தன்மையை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே திரைக்கு முன்னால்தான் வழிபாடு. யானையின் மேல் பவனி வருவது விக்கிரகமன்று, பேழைக்குள் மறைந்திருக்கும் யந்திரம். பூஜை செய்கிற கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பணி செய்கிறார். வெளிப்படையாகக் காட்டப்படாத அந்தச் சக்தி சூரனை வதைத்த சேனாபதியின் சக்தி என்பது நமது நம்பிக்கை. சிங்கள மக்களுக்கோ கதிர்காம தெய்யோ இலங்கையைக் காக்கும் தெய்வங்களுள் ஒருவர். எனவே அங்கிருந்து ஒருவர் வாளேந்தி வருகிறார் என்றால், இரு சமயத்தாருக்கும் அதன் பொருள் ஒன்றே: போர் தொடங்குவதற்குத் தெய்வத்தின் உத்தரவு கிடைத்துவிட்டது.

இது புதிய வழக்கமுமன்று. எல்லாளனோடு பொருதப் புறப்பட்ட துட்டகைமுனு, கதிர்காமத்திலே நேர்த்தி வைத்தான் என்று கர்ணபரம்பரை கூறும். தன் ஈட்டியிலே புத்தரின் தாதுவொன்றைப் பதித்துக்கொண்டு பிக்குகளையும் உடனழைத்துச் சென்றான் என்று மகாவம்சம் எழுதுகிறது. எல்லாளன்மீது நான் கொண்டிருக்கும் மதிப்பை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள். நீதிக்காகத் தன் மகனையே பலியிட்டதாகப் போற்றப்படும் அந்த மன்னனை விஞ்சிய வேந்தன் இந்தத் தீவில் ஆண்டதாக நான் கருதவில்லை. இருந்தும், தாது பதித்த ஈட்டி என்பது வெறும் அலங்காரமன்று என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். கொல்லுதல் பாவம் என்று போதிக்கும் ஒரு சமயத்தைச் சேர்ந்த உழவனை, ஏரை விட்டு வில்லை எடுக்கச் செய்ய வேண்டுமானால், அவன் செய்யப்போவது தர்மத்திற்கான கைங்கரியம் என்ற உறுதியை யாராவது அவனுக்கு அளிக்க வேண்டும். அந்த உறுதியை அளித்தது தாது.

ஆங்கிலேயர் இதை அறியாதவர்களா? நன்றாக அறிந்திருந்தார்கள். 1815 மார்ச் 2 ஆம் தேதிய கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவிலே புத்த சமயத்தை மீறமுடியாததென்று உறுதியளித்தார்கள். அடுத்த மாதமே, மறைத்து வைக்கப்பட்டிருந்த தந்ததாதுவை ஆங்கில அதிகாரி ஜோன் டொய்லியின் மேற்பார்வையில் பெரும் ஊர்வலமாகத் தலதா மாளிகைக்கு மீட்டுவந்தார்கள். 1816 இலேயோ இன்னும் விசித்திரமான சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. தந்ததாதுவைக் கண்டியிலிருந்து அகற்ற முயன்றார் என்பதோடு, ஆங்கில ஆட்சி அழியவேண்டிப் பிந்தென்னைத் தெய்வத்துக்கும் கதிர்காமத் தெய்வத்துக்கும் இரகசியமாகப் பூஜை செய்வித்தார் என்றும் மடுகல்லை நிலமே என்ற பிரதானி விசாரிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கியையும் பீரங்கியையும் நம்பி வந்த அரசாங்கம், ஒரு மனிதர் சாமிக்குப் படைத்த படையலை ராஜத்துரோகமாகக் கணக்கிட்டது என்றால், அந்தப் படையலின் வலிமையை அது எவ்வளவு துல்லியமாக எடைபோட்டிருந்தது!

வில்பாவேயிடம் திரும்புவோம். வெல்லஸ்ஸ மக்கள் ஒரு போலி அரசனை நம்பி ஏமாந்த பாமரர்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் கூற்றை நான் முற்றாக மறுக்கிறேன். ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிம் பிரமுகரை முகாந்திரமாக நியமித்து அவ்வூர்ப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்ததிலிருந்து, மன்னர் அமர்ந்திருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தேசத்து அரசர் ஒருவரை அமர்த்தியது வரை, அவர்களுக்குக் கோபம் போதிய அளவு இருந்தது, ஆயுதமும் இருந்தது, வேடர்களின் வில்லும் துணைக்கு இருந்தது. இல்லாதிருந்தது அரசனொருவன் மட்டுமே. அரசனில்லாத போர் அவர்கள் தர்மத்தில் வெறும் கொள்ளை. தெய்வம் தந்த அரசனோடு நடக்கும் போரோ ராச்சியத்தை மீட்கும் கடமை. அந்தக் குறையைத் தீர்த்தவர் வில்பாவே. அவருடைய பிறப்புப் பொய். அவரால் எழுந்த எழுச்சி மெய்.

ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொலவின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. கலகத்தை அடக்க ஆங்கிலேயரால் அனுப்பப்பட்ட அந்தப் பெருமகன், 1817 நவம்பரில் மக்கள் பக்கமே சேர்ந்து, தமக்கு அளிக்கப்பட்ட ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்பது மரபு. ஒருவன் உப்பைத் தின்று அவன் கத்தியாலேயே அவனைக் குத்தலாகாது என்ற அந்த அறவுணர்ச்சிக்காகவே, இப்போரில் ஈடுபட்ட இரு தரப்பாரிலும் அவருக்கு இணையானவர் எவருமில்லை என்று துணிந்து சொல்வேன். வில்பாவேயின் முதன்மை அதிகாரியாக அவர் பணி ஏற்றார். தம் அரசர் நாயக்கரல்லர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தெரிந்தும், தேசத்திற்கு அந்த முடி தேவைப்பட்டமையால் அவர் தலைவணங்கினார்.

தெரிந்தும் பொறுக்காதவர் மடுகல்லை. சிறைமீண்டு போரில் இறங்கிய அவர், 1818 இன் பிற்பகுதியில் வில்பாவேயின் வேஷத்தை அம்பலப்படுத்தி அவரைத் தொழுவில் மாட்டிவைத்தார். உண்மைக்காக அவர் செய்த செயல்தான். அதனால் விளைந்ததோ அணிக்குள் பிளவு. தெய்வத்தின் பெயரால் கட்டப்பட்ட சேனை, அந்தப் பெயர் ஐயத்துக்கு உள்ளானவுடன் கலையத் தொடங்கியது. வெளியிலோ, இந்தியாவிலிருந்து புதிய படைகளை வருவித்த தேசாதிபதி பிரவுன்றிக் துரை, ஊர்களை எரித்தும் பயிர்களை அழித்தும் கால்நடைகளைக் கவர்ந்தும் பஞ்சத்தையே ஆயுதமாக்கிக் கொண்டிருந்தார். போரிலும் நோயிலும் பசியிலுமாகக் கண்டி மக்கள் சுமார் 10,000 பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்தில் இங்கிருந்த வைத்தியர் ஜோன் டேவி கணித்தார். அதை நடத்தியவரை வெற்றிவீரரென்று பாராட்டும் நூல்களை நான் மூடி வைத்துவிடுவது வழக்கம்.

வாக்களித்த திருப்பத்துக்கு இப்பொழுது இடம் குறுகிவிட்டது. 1818 அக்டோபர் 28 ஆம் தேதி அநுராதபுரத்தை அண்டிய பகுதியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். நவம்பர் தொடக்கத்தில் மடுகல்லையும், போரின்போது கண்டியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு வாரியப்பொல தேரரின் காப்பிலிருந்த தந்ததாதுவும் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன. தாதுவை உடையவனே நாட்டை ஆள உரியவன் என்பது ஜனங்களின் கொள்கையாதலால், அது போனதைக் கேட்டவுடன் இனி ஆங்கிலேயரே மெய்யாக நாட்டின் எஜமானர் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள் என்பதை டேவியே எழுதிவைத்திருக்கிறார். நவம்பர் 26 ஆம் தேதி, போகம்பரையில் சிரச்சேதத்திற்குச் செல்லுமுன், கெப்பெட்டிபொல தலதா மாளிகையின் வாயிற்படியில் மண்டியிட்டுத் தம் மேலாடையைக் காணிக்கையாக அளித்தார். எந்தத் தாதுவின் பெயரால் போரிட்டாரோ, அதே தாது பகைவரின் காவலில் இருக்க, அதன் முன்னிலேயே அவர் இறுதி வணக்கம் செலுத்தினார். வில்பாவேயோ தப்பியோடி, பத்தாண்டுகளுக்கு மேல் தலைமறைவாக வாழ்ந்து, பிற்பாடு பிடிபட்டு மன்னிக்கப்பட்டார். முடிசூடியவர் பிழைத்தார், அவருக்கு வணங்கியவர் தலை கொடுத்தார்.

ஆகவே, இப்போரில் சமயமும் மந்திரமும் துணைக்கருவிகளாக வந்தவை என்று எண்ணுவது பிழை. ஊரை வென்றவை தீயும் பசியும். ஆட்சியுரிமையை வென்று கொடுத்தது தாது. இந்த இரண்டாவது வெற்றி கைக்கு வரும்வரை முதலாவது வெற்றியை நம்பி உறங்க ஆங்கிலேயரால் இயலவில்லை என்பதே என் துணிபு. தாதுவைக் கைக்கொண்ட அரசு, அதே நவம்பர் 21 ஆம் தேதி வெளியிட்ட பிரகடனத்தால் ஐந்தாம் பிரிவின் வாக்குறுதியை எவ்வாறு சுருக்கியது என்பதையும், பிரதானிகளின் அதிகாரம் ஒடுங்கிய பின் மலைநாட்டில் வெட்டப்பட்ட பாதைகளையும் அவற்றின் வழியே கோப்பித் தோட்டங்களும் நம் முன்னோரும் வந்து சேர்ந்ததையும் அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)