ஆபீசில் கொடுத்த மருத்துவச் சீட்டு எங்கே போகிறது?

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் காலை நேரத்தில் ரயில் ஏறுகிறவர்களில் அரசு வேலைக்காரர்களும் உண்டு. தாம்பரம், சைதாப்பேட்டை, கோட்டை என்று ஒரு பக்கம் போவார்கள். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் என்று இன்னொரு பக்கம் போவார்கள். 2020 மார்ச்சில் இந்த ரயில்கள் எல்லாமே நின்றுபோயின. அதே ஆண்டு அக்டோபர் 5-ம் தேதி மறுபடி ஓடத் தொடங்கியபோதும் எல்லோரும் ஏற முடியவில்லை. அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள் மட்டும், அதுவும் அடையாள அட்டையைக் காட்டித்தான் போக முடிந்தது. ஆபீசுக்குப் போய் இறங்கினால் வாசலில் நெற்றிக்கு நேராக ஒரு தெர்மல் ஸ்கேனர். பக்கத்து மேஜையில் ஒரு நீள நோட்டு. பெயர், செல் நம்பர், உடல் வெப்பம், கையெழுத்து.

கொரோனா போய்விட்டது. அந்த நோட்டுகள் எங்கே?

சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் சுமார் 125 வருட வரலாறு இருக்கிறது. கணக்குப் பதிவியலில் ஆரம்பப் பாடமே இதுதான்: ஒரு கணக்கைத் திறந்தால் அதை முடிக்கவும் வேண்டும். தொற்றுநோய்க் காலத்தில் அரசு அலுவலகங்கள் திறக்கிற உடல்நலக் கணக்குகளை முடிக்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததா என்று பார்ப்போம்.

நாலே பிரிவுகள் கொண்ட சட்டம்

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த வருடம் பிப்ரவரியில் ஆங்கிலேய அரசு அவசர அவசரமாக ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதுதான் 1897-ம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம். மொத்தமே நாலு பிரிவுகள். ரயிலில் வருகிறவர்களைப் பரிசோதிக்கலாம், நோய் இருப்பதாகச் சந்தேகப்படுகிறவர்களைத் தனியே வைக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. கடைசிப் பிரிவு, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்றது. பரிசோதனையில் எழுதிக்கொண்ட விவரங்களை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சென்னை மாகாணத்தில் அப்போது 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற முறை இருந்தது. நோய் உள்ள பகுதியிலிருந்து ரயிலில் வருகிறவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரி முன்னால் ஆஜராகித் தன் உடம்பைக் காட்ட வேண்டும். மருத்துவ ரீதியில் இதில் நியாயம் உண்டு. ஆனால் ஊரார் கண்ணில் அந்த மனிதர் யார்? பத்து நாளும் 'பிளேக்காரர்'.

விளைவு என்ன ஆயிற்று? பல இடங்களில் மக்கள் நோயாளியை மறைத்தார்கள். இறந்தவர்களைக்கூட மறைத்தார்கள். புனேயில் வீடு வீடாகச் சோதனை நடத்திய விதத்தால் கோபம் முற்றி, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். தங்களைப் பற்றிய தகவலை யாரிடம் கொடுக்கிறோம், அதை வைத்து என்ன செய்வார்கள் என்ற பயம் வந்துவிட்டால் ஜனங்கள் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். இந்த வரலாறு சொல்லும் முதல் பாடம் இதுதான்.

1939-ல் சென்னை மாகாணம் ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே அந்த வகையில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை அது வைத்தது. 2020-ல் தமிழக அரசு கொரோனாவுக்கும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது.

க்வாரன்டைன் லீவ்

இப்போது அலுவலகத்துக்குள் வருவோம். அரசு ஊழியர் விதிகளில் ஒரு காலத்தில் 'க்வாரன்டைன் லீவ்' என்று ஒன்று இருந்தது. ஊழியருக்கு உடம்பு நன்றாகவே இருக்கும். அவர் வீட்டில் யாருக்காவது அம்மை, காலரா, பிளேக் மாதிரி வந்திருக்கும். ஆபீசுக்கு வராதே என்று உத்தரவு போடுவார்கள். மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் இருந்தால் 21 நாள், மிக அவசியமானால் 30 நாள் வரை. சம்பளம் நிற்காது. அவர் விடுப்பில் போனதாகவே கணக்கில் வராது.

யோசித்துப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. வீட்டில் இருக்கும் நோயை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்னால் நஷ்டம் கிடையாது. தகவலைக் கொடு, சம்பளத்தை வாங்கிக்கொள் என்ற நேர்மையான கொடுக்கல் வாங்கல்.

2021 ஜூனில் மத்திய அரசு இதே மாதிரி ஒரு உத்தரவு போட்டது. ஊழியரின் பெற்றோருக்கோ அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கோ கொரோனா உறுதியானால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. அலுவலகக் கோணத்தில் இதற்கு என்ன அர்த்தம்? அரசு வேலையிலேயே இல்லாத அப்பா, அம்மாவின் மருத்துவ விவரம் மகனுடைய ஆபீஸ் ஃபைலுக்குள் போய் உட்காருகிறது. லீவ் 15 நாளில் முடிந்துவிடும். ஃபைல்?

ஒரே சீட்டு, இரண்டு முகம்

நிரந்தர ஊழியருக்கு அந்தச் சீட்டு விடுப்பு. தினக்கூலிக்கு?

இதற்குப் பதில் எச்.ஐ.வி. வழக்குகளில் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதற்குப் பிறகு பயம் நாடு முழுக்கப் பரவியது. வேலைக்குச் சேரும்போது ரத்தப் பரிசோதனை கேட்பது பல இடங்களில் வழக்கமானது.

பம்பாயில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஒருவர் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தார். வேலைப் பட்டியலில் சேர்ப்பதற்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மற்றபடி வேலை செய்யத் தகுதியான உடம்புதான். ஆனாலும் வேலை போயிற்று. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெயரை வெளியிடாமல் 'எம்.எக்ஸ்.' என்ற பெயரில் வழக்கு நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. வேலை செய்யத் தகுதி உள்ளவரை, மற்றவர்களுக்கு ஆபத்து இல்லாதவரை, எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்துக்காக வேலை மறுக்கக் கூடாது என்று 1997-ல் தீர்ப்பு வந்தது.

அடுத்த வருடமே நிலைமை தலைகீழானது. நாகாலாந்து அரசு சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஒரு டாக்டர். ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தவர், அறுவை சிகிச்சைக்காக ரத்தம் கொடுக்கப் போனார். பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது. தகவல் எப்படியோ சொந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தது. நிச்சயமான கல்யாணம் நின்றது. ஊரார் பேச்சு தாங்காமல் அவர் வேலை பார்த்த ஊரையே விட்டு வந்தார். மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் போட்ட வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை பக்கம்தான் நின்றது. மணப்பெண்ணாக வரப்போகிறவரின் உடல்நலமும் முக்கியம் என்பது காரணம். அந்தக் காரணத்தைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிய வேண்டியது அந்தப் பெண் ஒருவருக்கு. தெரிந்ததோ ஊருக்கே! (அதே தீர்ப்பில் திருமண உரிமை பற்றிச் சொல்லியிருந்த கருத்துகளை 2002-ல் உச்ச நீதிமன்றமே விலக்கிக்கொண்டது.)

இந்தப் பாடமெல்லாம் சட்டமாக மாற 2017 வரை ஆயிற்று. அந்த வருடம் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக் கூடாது என்றது. இந்த விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றது. அரசு அலுவலகமும் இதில் அடங்கும். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரே ஒரு நோய்க்குத்தான்.

திருமணி சொல்வது

செங்கல்பட்டுக்காரர்களுக்குத் திருமணியைத் தெரியாமல் இருக்காது. 1924-ல் அங்கே லேடி வெலிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கியது. 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. 1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோய் ஆகிவிட்டது.

நோய் குணமாயிற்று. ஏட்டில் ஏறிய பெயர்? 1898-ல் போட்ட தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. 2008-ல்கூட, ஒடிசாவில் தேர்தலில் ஜெயித்த ஒரு நகர உறுப்பினரைத் தொழுநோயைக் காரணம் காட்டித் தகுதிநீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து எடுத்தது 2019-ல். மருந்து ஒரு வருடத்தில் செய்ததைச் சட்டப் புத்தகம் செய்ய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அவசரத்தில் எழுதுவது சுலபம், அழிப்பதுதான் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2020: பழைய கதை, புதிய கருவி

2020 ஏப்ரல் 29-ல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. எல்லோரும் 'ஆரோக்ய சேது' செயலியை உடனே போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் சேர்த்துத்தான். காலையில் கிளம்பும் முன் செயலியைப் பார்க்க வேண்டும். 'பாதுகாப்பு' அல்லது 'குறைந்த ஆபத்து' என்று காட்டினால் மட்டும் ஆபீசுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் 14 நாள் வீட்டிலேயே தனிமை. கிட்டத்தட்ட பிளேக் பாஸ்போர்ட்தான், பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது!

கவனிக்க வேண்டியது தேதிகளை. கட்டாயம் என்ற உத்தரவு வந்தது ஏப்ரல் 29. அந்தத் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்ற நெறிமுறை வந்தது மே 11. முதலில் வாங்கினார்கள், பிறகுதான் விதி எழுதினார்கள். ஆனாலும் அந்த நெறிமுறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. தொடர்பு, இருப்பிடத் தகவல்களைப் பொதுவாக 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கெடு வைத்தார்கள். தொடர்பைத் தேடும் வசதி நிறுத்தப்பட்டு, அதற்காகச் சேர்த்த தகவல்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 1897 சட்டத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்க முடியாது.

வீட்டுச் சுவருக்கு அப்படி ஒரு கெடு இல்லை. கர்நாடகத்தில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிப் பட்டியலை அரசே வெளியிட்டது. சென்னையில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2020 மார்ச் மாதக் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் கட்சி அலுவலகத்திலேயே அப்படி ஒன்றைத் தவறுதலாக ஒட்டி, பிறகு எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரின் பாஸ்போர்ட்டில் இருந்த பழைய முகவரிதான் காரணம் என்று செய்தி வந்தது. பிரபலமானவர் என்பதால் உடனே எடுத்துவிட்டார்கள். சாதாரண ஆள் என்றால் யாரிடம் போய் நிற்பார்? அந்த டிசம்பர் 9-ல்தான் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தனி உத்தரவு இல்லாமல் வீடுகளில் இப்படி ஒட்டக் கூடாது என்றது.

கணக்கை முடிப்பது யார்?

2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலாகும்படி. சரி, இனிமேலாவது கணக்கு முடியுமா?

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ நடவடிக்கைகளுக்காகச் சம்மதம் கேட்காமலே தகவலைக் கையாளலாம். வேலை சம்பந்தமான சில காரணங்களுக்கும் அப்படியே. இவற்றையாவது புரிந்துகொள்ளலாம். 17-ம் பிரிவுதான் இடிக்கிறது. தேவை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் கடமை, அரசும் அரசு அமைப்புகளும் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. 'என் தகவலை அழித்துவிடு' என்று அரசிடம் கேட்கும் உரிமையும் அங்கே இல்லை. மேலும் இது மின்னணுத் தகவலுக்கான சட்டம். வாசல் மேஜையில் இருந்த நீள நோட்டு இதற்குள் வரவே வராது.

தொற்றுநோய்க் காலத்தில் அலுவலகம் எதையும் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் உயிர் உண்டு. கேட்கும்போதே மூன்று விஷயங்களை எழுதி ஒட்டிவிட்டால் போதும். யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படும், எந்தத் தேதியில் அழிக்கப்படும். 'காய்ச்சல் 101' என்று எழுதுகிற நோட்டின் முதல் பக்கத்திலேயே அதைக் கிழிக்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். அதோடு, அந்தத் தகவலால் தினக்கூலிக்காரருக்கு வேலை போகாது, கூலி குறையாது என்ற உறுதியும் வேண்டும். பழைய க்வாரன்டைன் லீவ் நிரந்தர ஊழியருக்குக் கொடுத்த தைரியம் அதுதான்.

இது தனிமனிதருக்குச் செய்யும் சலுகை மட்டும் அல்ல. மாதக் கடைசியில் கையில் காசில்லாத ஒரு ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் இருக்கிறார். காய்ச்சல் என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்று அவருக்குத் தெரிந்தால், ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, ஸ்கேனரைத் தாண்டி உள்ளே போய்விடுவார். 1897-ல் நோயாளியைப் பரணில் ஒளித்தவர்கள் கணக்கும் அதேதான். அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும் அன்று ஜனங்கள் உண்மையைச் சொல்வார்களா என்பது, போன தடவை சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தே இருக்கும்.