காக்கா லேபிளும் கால்பந்து முகமும்

சிவகாசியில் ஆடிப்பதினெட்டு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். வரப்போகும் ஜனவரியில் உங்கள் வீட்டுச் சுவரில் எந்த முகம் தொங்கப்போகிறது என்பது ஏறக்குறைய அன்றைக்கே முடிவாகிவிடும். அப்படி ஒரு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அச்சக அண்ணாச்சியிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

''அண்ணாச்சி, ஃபுட்பால் பிளேயர் படம் எதுவும் போடுறதில்லையா?''

''போடலாம் தம்பி. ஆர்டர் குடுக்கிறவன் கேக்கணும்ல? முருகனைக் கேக்குறான், லட்சுமியைக் கேக்குறான், காமராஜரைக் கேக்குறான். ஃபுட்பாலை எவன் கேக்குறான்?''

அண்ணாச்சி பில் போடப் போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஒரு முகம் எப்படி உருவாகிறது? கால்பந்து அணியில் பதினோரு பேர் ஓடுகிறார்கள். அதில் ஒரே ஒருவர் மட்டும் அந்த அணிக்கே முகமாக மாறிவிடுகிறாரே, அவருக்கு மட்டும் என்ன விசேஷம்? நிறைய கோல் போட்டவரா? நிறைய கோப்பை வாங்கியவரா?

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்ற சமாசாரம் ஞாபகம் இருக்கும். கடையில் உள்ள சரக்கு, அலமாரி, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் விலை போட்ட பிறகும், கடையை வாங்குகிறவர் மேலே ஒரு தொகை கொடுப்பார். அது பேருக்கான விலை. கண்ணுக்குத் தெரியாது; ஆனால், கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். சிவகாசிக்காரர்களுக்கு இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு அது தீப்பெட்டி லேபிளிலேயே தெரியும்.

அந்த லேபிள் கதை கல்கத்தாவில் ஆரம்பிக்கிறது.

1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்வதற்காக. மாதக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைவு, காய்ந்த காற்று. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில், தீக்குச்சி காயவைக்க வரமாகிவிட்டது. அப்புறம் பட்டாசு, அப்புறம் அச்சகம் என்று ஊரே மாறிப்போனது தனிக் கதை.

தீப்பெட்டிக்கு வருவோம். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் குச்சி ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். எழுத்துத் தெரியாத ஜனங்கள் கடையில் படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். அணில் படம் போட்டது குடு, காக்கா படம் போட்டது குடு! இதில் வேடிக்கை என்னவென்றால், சிவகாசியில் இன்றைக்கும் சண்முக நாடாரை 'காக்கா' சண்முக நாடார் என்றுதான் சொல்வார்கள். மனிதர் லேபிளுக்குப் பெயர் வைத்தார்; லேபிள் திருப்பி மனிதருக்குப் பெயர் வைத்துவிட்டது!

சரி, இந்த இருவரும் கல்கத்தாவில் இருந்த அதே காலத்தில், அதே ஊரில், இன்னொரு முகம் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் பெயர் கோஷ்டோ பால். மோகன் பகான் அணியின் தடுப்பாட்டக்காரர்.

மோகன் பகான் என்றதுமே 1911 நினைவுக்கு வரும். ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால்! இந்தியாவே துள்ளிக் குதித்தது. அந்த அணிக்கு 'அமர் ஏகாதஷ்' என்று பெயர். அழியாத பதினொருவர் என்று அர்த்தம். புகழ் பதினோரு பேருக்கும் சேர்த்துப் போனது.

கோஷ்டோ பால் அந்த அணியில் இல்லை. அதற்குப் பிறகு வந்தவர். 20 வருடத்துக்கும் மேல் மோகன் பகானுக்கு ஆடினார். 1921-ல் கேப்டன். அவர் ஆடிய அத்தனை வருடத்திலும் அந்த அணி எத்தனை முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது தெரியுமா? ஒரு முறைகூட இல்லை. கல்கத்தா லீக்? அதுவும் இல்லை. முதல் லீக் பட்டம் 1939-ல்தான் வந்தது. ஷீல்டு மறுபடி கைக்கு வந்தது 1947-ல். இரண்டுமே அவர் ஓய்வுபெற்ற பிறகு. நம்மவர்கள் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அதே 1923-ல் ஷீல்டு இறுதிப் போட்டிவரை வந்து, மழை பெய்த மைதானத்தில் கல்கத்தா எஃப்.சி.யிடம் 0-3 என்று தோற்றுப்போனார்கள்.

ஆனால் சிலை யாருக்கு? கோஷ்டோ பாலுக்கு! ஈடன் கார்டன் பக்கம் போனால் பார்க்கலாம். தெருவுக்கு அவர் பெயர். 1962-ல் பத்மஸ்ரீ, கால்பந்துக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பத்மஸ்ரீ அது. 1998-ல் தபால்தலை வேறு.

கோலும் போடாமல் பெரிய கோப்பையும் வாங்காமல் எப்படி?

யோசித்துப் பாருங்கள். பூட்ஸ் போட்ட சோல்ஜர்கள் பந்தோடு ஓடி வருகிறார்கள். எதிரே வெறுங்காலோடு ஒருத்தர் வழிமறித்து நிற்கிறார். 'சீனப் பெருஞ்சுவர்' என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. ஆபீஸில் துரையிடம் திட்டு வாங்கிய குமாஸ்தா, சாயங்காலம் மைதானத்துக்கு வந்து அந்த ஒரு ஆளைப் பார்க்கிறான். தன்னால் செய்ய முடியாததை அவர் செய்கிறார். இன்றைக்கு மட்டுமா? அடுத்த வாரமும் வந்தால் அதே இடத்தில் நிற்பார். அடுத்த வருடமும் நிற்பார். குட்வில் இப்படித்தான் சேரும், தினசரி வரவு மாதிரி.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம்ம பீட்டர் தங்கராஜ். செகந்தராபாத்தில் ஆடத் தொடங்கி, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்காக 1955, 1958 இரண்டு முறை டூராண்ட் கோப்பை வென்ற கோல்கீப்பர். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தவர். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். பிறகு கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். மூன்று வீட்டிலும் சாப்பாடு போட்டார்கள்; ஆனால், எந்த வீட்டுச் சுவரிலும் தனியாகப் படம் மாட்டவில்லை என்று எனக்குத் தோன்றும். திறமையில் குறை கிடையாது. 'இவர் எங்க ஆளு' என்று சொல்ல ஒரே ஒரு ஊர் அமையவில்லை.

அப்படியானால் வருடக்கணக்கில் இருந்தால் போதுமா? மரடோனா நபோலியில் ஆடியது 1984 முதல் 1991 வரை, ஏழே வருடம். அதற்குமுன் நபோலி ஒரு தடவைகூட இத்தாலி லீக் பட்டத்தை வென்றதில்லை. தெற்கு இத்தாலிக்காரன் என்றால் வடக்கே இளக்காரம். 1987-ல் பட்டம் வந்ததும் ஊர்ச் சுவரெல்லாம் அவர் முகம். 2020-ல் அவர் இறந்ததும் ஸ்டேடியத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கேலிக்கு ஆளான ஊர், பதில் சொல்ல ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் கிடைத்தார்.

கேலிக்கு ஆளான ஊர் என்றால் நமக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டுமே! 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டும் வசனம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சொன்னது. 1985-ல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம்.

அந்த மாவட்டத்தில் காரியாபட்டி பக்கம் புல்லூரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் ஆதரவில் உருவான பெண்கள் அணி சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன் ஆனது. இந்தியாவுக்கே சாம்பியன்! 2022-ல் இரண்டாம் இடம்.

இப்போது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த அணியிலிருந்து ஒரே ஒரு பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

தப்பு முழுக்க உங்களுடையது இல்லை. அந்த லீக் பல வருடம் ஒரே ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி, சில வாரத்தில் முடிந்துவிடும். சேது ஜெயித்த ஊர் பஞ்சாபில். காரியாபட்டி ஜனம் எங்கே போய்ப் பார்க்கும்? அந்த அணிக்கு ஆடிய நேபாளத்துச் சபித்ரா பண்டாரி, அடுத்த சீசனில் கேரளத்து கோகுலம் அணிக்குப் போய் அங்கேயும் சாம்பியன் ஆனார். பிறகு பிரான்ஸ் வரை போனார். குற்றம் சொல்ல முடியாது. சில வார ஆட்டத்தை நம்பி யார் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க முடியும்? சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை அந்த லீகுக்கு 2023-24 சீசனில்தான் வந்தது.

வாரா வாரம் பார்க்கும் கண், வருடக்கணக்கில் நிற்கும் கால், பதில் சொல்லவேண்டிய ஒரு கேலி. கோஷ்டோ பாலுக்கு மூன்றும் இருந்தன. புல்லூர்ப் பெண்களுக்கு மூன்றாவது மட்டும்தான் இருந்தது.

ஒரு காலத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்தோம். முகத்தை அச்சடிக்கும் மெஷினும் நம்மிடமே இருக்கிறது. அடுத்த தடவை பக்கத்து மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஒரு நடை போய்ப் பாருங்கள். மறு வாரமும் போங்கள்.

யாராவது கேட்டால்தானே அண்ணாச்சி அடிப்பார்!