பிஸ்டனைக் காத்த எரிபொருள்

1921 பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் இரண்டு புதிய கார்களைக் காட்சிக்கு வைத்தது. ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை மிதித்தால் சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு இணைந்து, அலறலோடு காற்றை அழுத்தித் தள்ளும். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களிலிருந்து வந்த உத்தி அது. காற்றைத் திணிப்பது கைவந்துவிட்டது. அதற்கு ஈடாக எரிபொருளைக் கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மெர்சிடிஸில் அழுத்தப்பட்ட காற்று கார்புரேட்டருக்குள் பாய்ந்தது. அங்கே அழுத்தம் ஏறினால் ஜெட் வழியாகப் பெட்ரோல் எழும்பாது. எனவே மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் தர வேண்டும். கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலுக்கு அதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். எங்கேனும் குறைந்தால் மிக்சரில் பெட்ரோல் குறைந்து அது லீன் ஆகும், நாக்கிங் என்னும் கட்டுக்கடங்காத எரிதல் தொடங்கும். எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அதிக நேரம் பிடிக்காது.

1923-இல் மோன்சாவில் ஃபியட் வென்றது. சூப்பர்சார்ஜர் பொருத்திய கார் ஒன்று கிராண்ட் பிரீ பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அது. மறு ஆண்டே சன்பீம் நிறுவனம் வரிசையை மாற்றியது. கார்புரேட்டர் முன்னால், சூப்பர்சார்ஜர் பின்னால். காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே போயின. பெட்ரோல் ஆவியாகும்போது, அழுத்தத்தால் சூடேறிய காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டது. அந்தக் காரில் ஹென்றி சீக்ரேவ் சான் செபாஸ்டியன் பந்தயத்தை வென்றார். மெர்சிடிஸ் இந்த முறைக்கு மாறியது 1937-இல்தான்.

எரிபொருள் எரிவதற்கு மட்டுமல்ல, குளிர்விக்கவும்தான் என்ற அறிவே அந்தக் காலத்தின் பெரிய சம்பாத்தியம். மெத்தனால் அதற்கு வாகாக அமைந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு இரு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது அது பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சும்.

எரிபொருளின் அளவு சரியா என்பதை மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கில் பார்த்தார்கள். முழு வேகத்தில் ஓட்டி, சட்டென இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றுவார்கள். பெட்ரோல் எஞ்சினில் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நிம்மதி. கரி படிந்திருந்தால் மிக்சர் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் லீன். பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளிகள் மின்னினால், பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த வழியின் உச்சம் ஆல்ஃபா ரோமியோ 159. ஒன்றரை லிட்டர் எஞ்சினில் இரு கட்ட சூப்பர்சார்ஜர், 400-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். மைலேஜோ லிட்டருக்கு அரை கிலோமீட்டர் அளவுதான். 1951 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் சூப்பர்சார்ஜர் இல்லாத நாலரை லிட்டர் ஃபெராரியில் கொன்சாலஸ், ஆல்ஃபாவில் வந்த ஃபாஞ்சியோவை முந்தி வென்றார். அவ்வாண்டின் உலகப் பட்டத்தை ஃபாஞ்சியோவே வென்றார். அத்தோடு ஆல்ஃபா களத்திலிருந்து விலகியது.

மெர்சிடிஸ் கிண்ணத்தின் கணக்கை இன்று ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது: பூஸ்ட், அதாவது திணிக்கப்படும் காற்றின் அழுத்தம், ஏறும் அளவுக்கு இன்ஜெக்டருக்கு வரும் எரிபொருள் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. பிளக்கின் நிறத்தோடு ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்துவிட்டது. பொறுப்பான டியூனர் குறைந்த பூஸ்டில், ரிச் மிக்சரோடு தொடங்குவார். பம்பும் இன்ஜெக்டரும் ஈடுகொடுக்கின்றனவா என்று பார்த்த பிறகே பூஸ்டைக் கூட்டுவார். எரிபொருள் அழுத்தம் சரிந்தால் அந்தக் கணமே ஆக்சிலரேட்டரை விடுவார்.