ஐ.வி.எஃப் மறுபடியும் ஃபெயிலா? அடுத்த சைக்கிளுக்கு முன் இருவரும் பேச வேண்டியவை!

கரு வைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மொபைலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதியம் லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வரும். பீட்டா ஹெச்.சி.ஜி... நெகட்டிவ். முதல் முறை என்றால், 'பரவாயில்ல, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளலாம். மூன்றாவது முறையும் அதே பி.டி.எஃப் என்றால்?

'அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்', 'வேற ஆஸ்பத்திரி பாருங்க', 'இன்னும் எவ்வளவு நகையத்தான் அடகு வைப்பீங்க?' என்று சுற்றிலும் குரல்கள் கேட்கும். எல்லாமே அவசரக் குரல்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வயது 38-ஐத் தாண்டியவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாதுதான். ஆனால், இரண்டு மூன்று வாரம் அழுது, தூங்கி, மூச்சுவிட்டுக்கொண்டால் எதுவும் கெட்டுவிடாது.

அதன் பிறகு யோசிக்கவேண்டிய முதல் கேள்வி, 'அடுத்த சைக்கிள் எப்போ?' என்பதல்ல. 'போன சைக்கிள் எங்கே நின்னுச்சு?' என்பதுதான்.

'ஃபெயில்' என்பது ஒரே விஷயம் இல்லை

வெளியே எல்லாவற்றுக்கும் 'ஃபெயில்' என்று ஒரே பெயர். உள்ளே நடந்தது ஆளுக்கு ஆள் வேறு.

* கருமுட்டைகளே குறைவாகக் கிடைத்தன: வயது, முட்டை இருப்பு, ஊசி மருந்தின் அளவு பற்றிப் பேச வேண்டும்.

* முட்டை கிடைத்தும் கரு உருவாகவில்லை, அல்லது ஐந்தாம் நாள் வரை வளரவில்லை: முட்டை, விந்தணு இரண்டின் தரத்தையும் பார்க்க வேண்டும். கணவரின் இரண்டு வருடப் பழைய ரிப்போர்ட் இங்கே போதாது.

* நல்ல கரு வைத்தும் ஒட்டவில்லை: கர்ப்பப்பையின் உள்ளே பாலிப், ஃபைப்ராய்டு, நடுச்சவ்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அது கரு ஒட்டுவதைக் கெடுக்கும். அதைச் சரிசெய்த பிறகு ஐ.வி.எஃப் செய்தால் வாய்ப்பு கூடும்.

* பாசிட்டிவ் வந்து கலைந்தது: இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை, மனைவிக்கு தைராய்டு, ரத்தம் உறையும் தன்மை தொடர்பான ஆன்டிபாடி டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தும் காரணம் புரியாமல் போகலாம். அப்படியானால் பெரும்பாலும் முட்டையின் வயதுதான் பேசுகிறது. 35-க்குப் பிறகு முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அது யாருடைய தப்பும் அல்ல. அன்றைக்குப் படியேறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ ஐ.வி.எஃப் தோற்பதில்லை.

ஃபைலை கையில் வாங்குங்கள்

இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்பது துரோகம் இல்லை. ஆனால், வெறுங்கையோடு போனால் எல்லா டெஸ்ட்டும் முதலிலிருந்து தொடங்கும். என்ன ஊசி, எத்தனை முட்டை, எத்தனை கரு, எந்த நாளில் வைத்தார்கள், ஃப்ரீஸரில் கரு மிச்சம் இருக்கிறதா... இவையெல்லாம் உள்ள ஃபைலின் நகலைக் கேளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. கரு மிச்சம் இருந்தால், முட்டை எடுக்கும் ஊசிகள் இல்லாமலே அடுத்த முயற்சி செய்ய முடியும்.

புது ஆஸ்பத்திரியில் 'சக்சஸ் ரேட் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என் வயசுல இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் குழந்தையோட வீட்டுக்குப் போனாங்க?' என்று கேளுங்கள். பாசிட்டிவ் ரிசல்ட் வேறு, குழந்தை பிறப்பது வேறு.

'எக்ஸ்ட்ரா' சிகிச்சைகள் உஷார்!

பலமுறை தோற்றவர்களிடம் கூடுதல் சிகிச்சைகளின் பட்டியல் நீட்டப்படும். கர்ப்பப்பையின் உள்சுவரைச் சுரண்டிவிடும் 'ஸ்க்ராட்ச்' முறையால் குழந்தை பிறப்பு கூடவில்லை என்று 1,364 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது. எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எனக்கு ஏன்? செய்யாவிட்டால் என்ன? செலவு எவ்வளவு?

முன்னால் உள்ள பாதைகள்

*சொந்த முட்டையில் இன்னொரு முறை:* போன முறையிலிருந்து ஏதாவது மாறப்போகிறது என்றால் அர்த்தம் உண்டு. அதே மருந்து, அதே முறை, 'இந்தத் தடவை லக் இருக்கும்' என்பது மட்டும்தான் காரணம் என்றால் யோசியுங்கள்.

*தான முட்டை அல்லது தான விந்தணு:* 2021-ம் ஆண்டின் சட்டப்படி, முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் தர முடியும். பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்களுடையதுதான். ஆனால், இருவரும் மனதார சம்மதிக்க வேண்டும். ஒருவர் இன்னொருவருக்காகத் தலையாட்டினால், அது பின்னால் வலிக்கும். சிகிச்சைக்கு வயது வரம்பும் உண்டு: மனைவி 50-க்குள், கணவர் 55-க்குள்.

*வாடகைத்தாய்:* பலமுறை ஐ.வி.எஃப் தோற்றதையும் மருத்துவக் காரணமாக விதிகள் ஏற்கின்றன. ஆனால், மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை தவிர காசு கைமாறக் கூடாது. 'எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்' என்று வரும் புரோக்கர்களிடம் சிக்காதீர்கள்.

*தத்தெடுத்தல்:* மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால், பதியும்போது தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. மனைவிக்கு 41, கணவருக்கு 45 என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதனால், 'எல்லாம் முடிஞ்ச பிறகு பார்த்துக்கலாம்' என்று கடைசியில் வைக்காதீர்கள்.

*நிறுத்திக்கொள்வது:* இதுவும் ஒரு முடிவுதான், தோல்வி அல்ல. இருவராக வாழும் வாழ்க்கையும் முழு வாழ்க்கைதான்.

எல்லைக்கோடு எங்கே?

பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இதற்குப் பணம் தருவதில்லை. ஊசி, மயக்க மருந்து, ஹார்மோன் எல்லாம் போவது மனைவியின் உடம்பில். குறை கணவர் பக்கம் இருந்தாலும் அப்படித்தான். எனவே, 'போதும்' என்று சொல்லும் முதல் உரிமை அவருக்கே. மாமியாருக்கும் சித்திக்கும் பதில் சொல்லும் வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். மனது ரொம்பவே உடைந்துபோனால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே, எந்த நேரமும் பேசலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஆளுக்கொரு பேப்பர் எடுத்து, தனித்தனியாக மூன்று விஷயம் எழுதுங்கள். இன்னும் எத்தனை முயற்சி, எவ்வளவு பணம், எந்த வயது வரை? பிறகு பேப்பரை மாற்றிப் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. இருக்கவும் வேண்டாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்னால், அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.