978 என்றொரு நாடு

வளைகுடாவை விட்டுக் கிளம்புகிறவர்கள் முதலில் விற்பது காரை. அடுத்து ஃபிரிட்ஜ், சோபா, கட்டில். புத்தகங்களை யாரும் விற்பதில்லை, விற்றாலும் வாங்க ஆளில்லை. கிலோவுக்கு இத்தனை திர்ஹாம் என்று கார்கோக்காரர் கணக்குச் சொன்னதும், அவற்றை நண்பர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அப்படிக் கட்டப்பட்ட தலைகளில் என்னுடையதும் ஒன்று. ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு காலத்தில் துணி காயவைக்க இடம் இருந்தது. இப்போது அங்கே அட்டைப்பெட்டிகள். போதாததற்கு ஒவ்வொரு நவம்பரிலும் ஷார்ஜா புத்தகக் கண்காட்சி. 1982இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் நானே என் கைக்காசைப் போட்டுச் சுமையைக் கூட்டிக்கொள்வேன்.

எங்களில் ஆறு பேர் சேர்ந்து இவற்றை ஒரு இரவல் நூலகமாக்கலாம் என்று முடிவு செய்தோம். மென்பொருள்காரன் என்பதால் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. கைப்பேசியால் பின்னட்டையைப் படம் பிடிக்க வேண்டும், பட்டைக்கோட்டிலிருந்து ஐஎஸ்பிஎன் எண்ணை எடுக்க வேண்டும், எண் சரியா என்று பார்த்துப் பதிய வேண்டும். 'ஒரு வார இறுதி போதும்' என்று சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று.

முதல் மாலையிலேயே என் நிரல் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை 'செல்லாத எண்' என்று சிவப்பில் தள்ளியது. நிரலில்தான் பிழை என்று நினைத்து இரவு முழுக்கத் தேடினேன். அதில் பிழை இல்லை. புத்தகங்களில் அச்சாகியிருந்த எண்கள்தான் தவறு. எப்படித் தவறாயின என்று கேட்கப் போய்தான் இந்த எண்ணின் கதையைப் படிக்க நேர்ந்தது.

1965இல் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற பெரிய பிரிட்டிஷ் புத்தக வணிக நிறுவனம் தன் கிடங்கைக் கணினிமயமாக்கப் போவதாக அறிவித்தது. கணினிக்கு நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ உதவாது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் வேண்டும். அதை வடிவமைக்கும் பொறுப்பு கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியலாளரிடம் வந்தது. பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்தவர். 1966இல் அவர் எழுதிய அறிக்கையிலிருந்து ஒன்பது இலக்க எஸ்பிஎன் பிறந்தது. பிறகு அவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். நான் முதுகலை படித்தது டப்ளினில்தான். அந்தக் கல்லூரி வளாகத்தை மதியச் சாப்பாட்டுக்குப் போகும் குறுக்குவழியாகப் பல மாதங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். ஃபாஸ்டர் இறந்தது 2010இல், அதாவது நான் அங்கே நடந்துபோன நாட்களில் உயிரோடுதான் இருந்தார். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

அவர் எண்ணின் அழகு கடைசி இலக்கத்தில் இருக்கிறது. அது எதையும் குறிப்பதில்லை, முன்னால் உள்ளவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று காவல் காப்பது மட்டுமே அதன் வேலை. பின்னாளைய பத்து இலக்க வடிவத்தில் பார்ப்போம். உதாரணத்துக்காக மட்டும், வரிசையாக எழுதிய ஓர் எண்: 812345678. முதல் இலக்கத்தை 10ஆல் பெருக்குங்கள், அடுத்ததை 9ஆல், அடுத்ததை 8ஆல், இப்படியே 2 வரை. கூட்டினால் 236. இதோடு எதைச் சேர்த்தால் 11ஆல் மீதியின்றி வகுபடும்? 6 சேர்த்தால் 242, அதாவது 11 தடவை 22. ஆக முழு எண் 8123456786. சில சமயம் தேவைப்படும் இலக்கம் 10 ஆகிவிடும். அதற்கு ஓரிடத்தில் இடமில்லாததால் ரோமன் பத்தான எக்ஸை எழுதினார்கள். எங்கள் நண்பர் ஒருவர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து, தட்டச்சு செய்த பட்டியல் முழுவதிலும் பொறுப்பாக நீக்கிவைத்திருந்தார்.

ஏன் 11? அது பகா எண் என்பதால். ஏதாவது ஓர் இலக்கம் மாறினாலும் பிடித்துவிடும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். கையால் எழுதி, தொலைபேசியில் சொல்லி, துளை அட்டையில் ஏற்றிய காலத்துப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கும்.

1970இல் இது ஐஎஸ்ஓ 2108 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. ஒன்பது இலக்கம் பத்து ஆனது. மாற்றும் முறை மிக எளிது: முன்னால் ஒரு பூஜ்யம். பத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே என்பதால் கூட்டுத்தொகை மாறாது, காவல் இலக்கமும் மாறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2007இல் நடந்த குளறுபடியின் விதை இங்கேதான்.

முன்னால் சேர்ந்த அந்த இடம் குழுவைக் குறிப்பது. 0, 1 ஆங்கிலத்துக்கு. 2 பிரெஞ்சுக்கு. 3 ஜெர்மனுக்கு. அதாவது இவை மொழிகள். பிறகு வந்தவர்களுக்கு நாடுவாரியாகக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு 81, பின்னர் 93. இலங்கைக்கு 955, பின்னர் 624. மலேசியாவுக்கு 967, 983. சிங்கப்பூருக்கு 9971, 981. அமீரகத்துக்கு 9948. ஆகவே யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் நாவலும் சென்னையில் அச்சான தமிழ் நாவலும் இந்த எண்ணின் கண்ணில் உறவினர்கள் அல்ல. டொரொன்டோவில் வெளியாகும் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஆங்கிலக் குழுவின் எண்ணை வாங்கிக்கொள்கிறது, பாரிஸில் வெளியானால் பிரெஞ்சுக் குழுவின் எண்ணை. டியூயி நூலகப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று ஓர் இடமாவது உண்டு. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பில், எண்ணைப் பார்த்தே நூல் எதைப் பற்றியது, எந்த மொழி என்று சொல்லிவிடலாம். ஐஎஸ்பிஎன் கேட்பது வேறு கேள்வி: இதை விற்பவர் யார், எந்தப் பதிப்பு? கிடங்குக்காகப் பிறந்த எண்ணிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் எனக்கு வருத்தம்தான்.

இந்தியாவில் இந்த எண்ணை வழங்க ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை 1985இல் தொடங்கப்பட்டது. எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் இல்லை என்பதாலேயே சிறு பதிப்பாளர்கள் ஓடிப்போய் வாங்கிவிடவில்லை. விண்ணப்பம் டில்லிக்குப் போக வேண்டும், புத்தகமோ அடுத்த வாரக் கண்காட்சிக்கு வர வேண்டும். எங்கள் பெட்டிகளில் தொண்ணூறுகளின் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் எண்ணே இல்லை. இன்னும் சிலவற்றில் வேறு சிக்கல்: ஒரே எண் இரண்டு வெவ்வேறு நூல்களில். தீர்ந்துபோன நூலின் எண்ணைப் புதிய நூலுக்குக் கொடுத்திருந்தார் ஒருவர், காலியான வீட்டுக்கு வேறு குடித்தனம் வைப்பதுபோல.

அடுத்து 2007 ஜனவரி 1. கடைகளில் சாமான்களுக்கு இருக்கும் பதின்மூன்று இலக்கப் பட்டைக்கோட்டின் தொடக்கம், அந்த எண்ணை வழங்கிய நாட்டைக் காட்டும். நம் வீட்டு மசாலாப் பொட்டலத்தில் 890 இருந்தால் இந்தியா. இங்கே வாங்கும் பேரீச்சம்பழப் பெட்டியில் 629 இருந்தால் அமீரகம். மாலிபன் பிஸ்கட்டில் 479 என்று பார்த்தால் இலங்கை. புத்தகங்களை மட்டும் எந்த நாட்டிலும் சேர்க்காமல், 978 என்ற இல்லாத நாடு ஒன்றை உருவாக்கி அதில் குடியேற்றினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'புக்லேண்ட்' என்று பெயர். பல ஆண்டுகள் பின்னட்டையில் பட்டைக்கோட்டுக்குப் பதின்மூன்று, ஐஎஸ்பிஎன்னுக்குப் பத்து என்று இரண்டும் இருந்தன. எண்கள் தீர்ந்துபோகும் நிலை வந்ததும், இரண்டையும் ஒன்றாக்கிப் பதின்மூன்றையே ஐஎஸ்பிஎன் ஆக்கினார்கள்.

இப்போது மாற்றும் முறை 1970இல் இருந்தது போன்றதல்ல. பழைய காவல் இலக்கத்தைக் கழற்றி எறிய வேண்டும், முன்னால் 978 சேர்க்க வேண்டும், இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்ட வேண்டும், 10ஆல் வகுபட என்ன தேவையோ அதைப் புதிய காவல் இலக்கமாக எழுத வேண்டும். நம் உதாரண எண்ணில் கூட்டுத்தொகை 138, ஆகவே புதிய இலக்கம் 2. எண் 9788123456782. ஆனால் எங்கள் பெட்டிகளில் இருந்த பல புத்தகங்களில், 978ஐ முன்னால் ஒட்டிவிட்டுப் பழைய கடைசி இலக்கத்தை அப்படியே விட்டிருந்தார்கள். நம் உதாரணத்தில் 2க்குப் பதில் 6. எழுத்தில் ஓர் எண், அதன் கீழே பட்டைக்கோட்டில் இன்னொரு எண். முதல் மாலையில் என் நிரல் துப்பியவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. 978இல் தொடங்கும் எண் புதிய கணக்கில் தோற்றால், அந்த மூன்றையும் நீக்கி மிச்சத்தைப் பழைய 11 கணக்கில் பார்க்க வேண்டும். அதில் தேறினால் பெரும்பாலும் இதுதான் பிழை. பெரும்பாலும்தான், தற்செயலாகத் தேறும் வாய்ப்பும் உண்டு என்பதால் புத்தகத்தைக் கையில் எடுத்து ஒரு மனிதர் பார்த்துவிடுவது நல்லது. ஒன்பது இலக்கமே உள்ள எண் வந்தால் இரண்டு சந்தேகங்கள்: பத்து இலக்க எண்ணின் முதல் பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்கியிருக்கலாம், அல்லது நம் நண்பர் எக்ஸை நீக்கியிருக்கலாம். உண்மையிலேயே பழைய எஸ்பிஎன்னாக இருந்தாலும் மருந்து முதல் சந்தேகத்துக்கானதே: முன்னால் ஒரு பூஜ்யம்.

திருத்திய பிறகு தவறான எண்ணை என்ன செய்வது? நான் அழித்துவிட நினைத்தேன். நூலகர்கள் அழிப்பதில்லை. அறுபதுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ரம் வடிவமைத்த மார்க் என்னும் பதிவு முறையில், செல்லாத ஐஎஸ்பிஎன்னுக்கென்றே தனி உட்புலம் இருக்கிறது. புத்தகத்தில் அச்சாகிவிட்டது, அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராவது தேடி வரலாம் என்பது அவர்கள் வாதம். இருபது வருடம் மென்பொருள் எழுதிய எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

புதிய கணக்கு பழையதைவிடப் பலவீனமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து இலக்கங்கள் 5 வித்தியாசத்தில் இருந்தால், உதாரணமாக 27, அவற்றை 72 என்று மாற்றி எழுதினாலும் கணக்குத் தேறிவிடும். இடம் மாறும் பிழைகளில் ஒன்பதில் ஒன்று தப்பித்துவிடுகிறது. புத்தகம் சோப்புக் கட்டியின் வரிசையில் நிற்கக் கொடுத்த விலை இது. இன்னொன்று: 979இல் தொடங்கும் எண்களுக்குப் பத்து இலக்க வடிவமே கிடையாது. அமேசானில் சொந்தமாக வெளியிடும் நம்மவர்களின் நூல்கள் பல 979-8 என்று வருகின்றன. எல்லா எண்ணும் 978 என்று நம்பி எழுதிய பழைய நிரல்கள் அவற்றைப் பத்து இலக்கமாக்க முயன்று, வேறொரு புத்தகத்தின் எண்ணைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

அலுவலக வேலையில் எனக்கு இந்த எண் வேறொரு பாடம் எடுத்தது. இங்கே ஒரு வாடிக்கையாளரின் அரபுப் பட்டியலில், எல்லா ஐஎஸ்பிஎன்களும் தலைகீழாக அச்சாயின. கடைசி இலக்கம் முதலில், பிறகு நூல் எண், பிறகு பதிப்பாளர் எண், 9948, கடைசியில் 978. ஒவ்வொரு துண்டும் சரி, வரிசை மட்டும் தலைகீழ். அரபு எழுத்து வலமிருந்து இடம், எண் இடமிருந்து வலம். யூனிகோட் விதிப்படி, அரபு எழுத்தை அடுத்து வரும் எண்ணில் இடைக்கோடு இருந்தால், கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனி எண்களாகிவிடும். தனித்தனி எண்கள் வலமிருந்துதானே அடுக்கப்படும்? இடைக்கோடுகளை எடுத்துவிட்டதும் சரியாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு திசைக்குறியைச் செருகியும் சரிசெய்யலாம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று என்று வாடிக்கையாளரிடம் நான் சொல்லவில்லை.

இவ்வளவும் எண் உள்ள புத்தகங்களின் கதை. எட்டு மாதத்தில் ஐந்து மாதத்தைத் தின்றவை எண்ணே இல்லாதவை. நான் எழுதிய படிவத்தில் ஐஎஸ்பிஎன் கட்டாயப் புலம். அது இல்லாமல் பதிய முடியாது. அந்த நிலையில்தான் முப்பது வருடம் ஷார்ஜாவில் கணக்காளராக இருந்துவிட்டு மகளிடம் கனடாவுக்குப் புறப்பட்ட ஓர் அண்ணை, தன் பெட்டியோடு வந்தார். அதில் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் அச்சான மெலிந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்று. எழுதியவர் அவருடைய பள்ளிக்கூட வாத்தியார். நான் தட்டித் தட்டிப் பார்த்தேன், திரை சிவந்தது.

"தம்பி, உங்கட மெஷின் இதைப் புத்தகம் இல்லையெண்டு சொல்லுதோ?" என்று கேட்டார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். "லைப்ரரியில இருந்த பிரதி எண்பத்தொண்டில எரிஞ்சு போச்சு. இது நான் கொழும்புக்குக் கொண்டு போனதால தப்பினது."

அன்று இரவே கட்டாயப் புலத்தை எடுத்தேன். ஆனால் இரவல் கொடுக்க ஏதாவது ஓர் எண் வேண்டுமே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல் ஒவ்வொன்றுக்கும் தாங்களே ஒரு 'நூலக எண்' கொடுத்துவருவது நினைவுக்கு வந்தது. நாமும் கொடுத்தால் என்ன? பட்டைக்கோட்டு முறையில் 200 முதல் 299 வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கடைக்காரர்கள் தங்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்த ஒதுக்கியவை. சூப்பர் மார்க்கெட்டில் தராசிலிருந்து வரும் வெண்டைக்காய்ச் சீட்டில் பெரும்பாலும் 2 தொடங்குவது அதனால்தான்.

அண்ணை கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவர் புத்தகத்துக்கு முதல் எண்ணைக் கொடுத்தேன். 2, பிறகு பத்துப் பூஜ்யம், பிறகு 1. கடைசி இலக்கம் எப்படி வரும் என்று கேட்டார். கணக்காளர் அல்லவா, உறையின் பின்பக்கத்தில் அவரே போட்டுப் பார்த்தார்: 2ஐ ஒன்றால் பெருக்கினால் 2, 1ஐ மூன்றால் பெருக்கினால் 3, கூட்டினால் 5, பத்தாக இன்னும் 5. சீட்டை அச்சடித்து உள்ளட்டையில் ஒட்டினோம். கைப்பேசியை அவரே பிடித்தார். 2000000000015, பச்சை.