தாமஸ் மன்றோ (1761–1827)

சர் தாமஸ் மன்றோ (27 மே 1761 – 6 ஜூலை 1827) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து மேஜர் ஜெனரலாக உயர்ந்து, சென்னை மாகாண ஆளுநராக இருக்கும்போதே இறந்த ஸ்காட்லாந்துக்காரர். இரயத்துவாரி நிலவரி முறையை நிலைநிறுத்தியவர் என்றே வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. அம்முறையை அவர் கற்ற இடமோ தலைநகர் அலுவலகம் அன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால் என்னும் வறண்ட நாடு. அங்கிருந்த ஆண்டுகளில் அவர் தம் பெற்றோருக்கும் தங்கைக்கும் எழுதிய நீண்ட கடிதங்கள் இல்லையெனில், அவருடைய உள்ளம் மட்டுமன்றி அன்றைய பாராமகாலின் ஒரு பகுதியும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கிளாஸ்கோ நகரில் பிறந்த மன்றோவின் தந்தை அலெக்சாண்டர், அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வாணிகத்தை முறித்துக் குடும்பத்தை நொடிக்கச் செய்தபின், பதினெட்டு வயது மகன் கம்பெனிப் படையில் இடம் பெற்று 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினான். சிறு வயதில் கண்ட தட்டம்மையால் காது சற்று மந்தமாகியிருந்தது. அக்குறை முதுமை வரை அவரை விடவில்லை. வந்த ஆண்டிலேயே மைசூரை ஆண்ட ஹைதர் அலியுடன் போர் மூண்டது. கர்னல் பெய்லியின் படை 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் அழிந்தபோது, அதற்கு உதவ முடியாமல் காஞ்சிபுரத்தருகே நின்ற ஹெக்டர் மன்றோவின் சேனையில் அவர் இருந்தார் (பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர்). அத்தோல்வியின் காரணங்களைத் தந்தைக்கு விரிவாக எழுதிய கடிதத்தில், மேலதிகாரிகளின் தவறுகளை மறைக்காமல் எடைபோடும் இளைஞனைக் காணலாம். அடுத்த ஆண்டு பரங்கிப்பேட்டை, சோளிங்கர் போர்களிலும் அவர் பங்கேற்றார்.

கீழ்நிலைப் படையதிகாரியின் சம்பளம் அக்காலத்தில் மிகச் சொற்பம். கீழை நாட்டுச் செல்வத்தைப் பற்றித் தங்கை கொண்டிருந்த கற்பனையைக் கலைப்பதற்காக 1789இல் எழுதிய கடிதத்தில், இந்தியாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் வரை புத்தகமும் தோட்டாப்பையுமே தமக்குத் தலையணையாக இருந்தன என்று நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். அந்நிலையிலும், இந்தியாவுக்கு வந்திருந்த சகோதரர் அலெக்சாண்டரோடு சேர்ந்து நொடித்துப்போன பெற்றோருக்குப் பணம் அனுப்பிவந்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றதும் இக்காலத்தில்தான். பாரசீகச் சுவடி ஒன்றில், ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஒரு பவுண்டு சதைக் கதையை ஒத்த கதையைக் கண்டு அவர் மொழிபெயர்த்தார். அது எட்மண்ட் மலோன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நூலில் இடம்பெற்றது. கூடாரத்தில் வாழ்ந்த ஒரு லெப்டினன்டுக்கு இது சிறிய பெருமை அன்று.

மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிய, திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளுள் பாராமகாலும் சேலமும் அடங்கின. பன்னிரண்டு கோட்டைகளைச் சார்ந்த நாடு என்பதால் பாராமகால் என்ற பெயர் வந்தது என்பர். பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, மைசூர் மேட்டுநிலம் எழத் தொடங்கும் அடிவாரத்தில் அமைந்த மாரண்டஹள்ளி இந்நாட்டின் விளிம்பைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே கணவாயைக் காத்து நிற்கும் இராயக்கோட்டை மலைக்கோட்டை 1791 ஜூலையில் கம்பெனியின் மேஜர் கௌடி நடத்திய படையிடம் வீழ்ந்தது. மேலே மைசூர், கீழே கர்நாடகச் சமவெளி என்றிருந்த இவ்வழியில், ஹைதர் காலம் முதல் படைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தமையால் பயிரும் குடியும் நிலைகொள்ளவில்லை.

கம்பெனியின் குடிமை அதிகாரிகள் பலருக்கு நாட்டு மொழிகள் தெரியாததால், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இப்புதிய நாட்டைப் படையதிகாரிகளிடமே ஒப்படைத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவராகவும், மன்றோ, மெக்லியட், கிரஹாம் ஆகியோர் அவருடைய துணைவர்களாகவும் அமர்த்தப்பட்டனர். மன்றோ தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1799 வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். வேலையோ வாள்பிடித்தவருக்குப் பழக்கமற்றது. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, ஊர்க்கணக்கரான கர்ணத்தின் கணக்கைச் சரிபார்த்து, நன்செய், புன்செய், தோட்டம் என நிலத்தைப் பிரித்து அளந்து, விதையும் மாடும் இல்லாத குடியானவனுக்குத் தக்காவி எனப்படும் முன்பணம் கொடுத்து, அவன் கட்டக்கூடிய தீர்வை எவ்வளவு என்று நாள் முழுவதும் வழக்காட வேண்டியிருந்தது.

இவ்வழக்காட்டிலிருந்து வளர்ந்ததே இரயத்துவாரி. வங்காளத்தில் 1793இல் ஜமீன்தாருடன் என்றைக்குமாகத் தீர்வையை முடிவுசெய்தது காரன்வாலிஸின் முறை. பாராமகாலில், ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ நடுவில் நில்லாமல், உழும் குடியானவனாகிய இரயத்துடன் அரசு நேரே கணக்கு வைத்துக்கொண்டது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித் தீர்வை விதித்து, ஆண்டுதோறும் ஜமாபந்தி என்னும் கணக்குத் தீர்வில் அவரவர் பங்கைக் குறித்துப் பட்டா தந்தார்கள். விரும்பாத நிலத்தை விட்டுவிடவும் புதிய நிலத்தை எடுத்துக்கொள்ளவும் ரீடு 1796 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு இடமளித்தது. இம்முறையைத் தொடங்கியவர் ரீடுதான். அதை வாதங்களால் வலுப்படுத்தி மாகாணம் முழுவதற்கும் கொண்டுசென்றவர் மன்றோ. புகழ் முழுவதும் மாணவருக்கே சென்றது ஆசிரியருக்கு இழைக்கப்பட்ட சிறு அநீதி எனலாம்.

நான்காம் மைசூர்ப் போருக்குப்பின் 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபோது, ஓயாத மழைக்கு நடுவே பாராமகாலின் வெயிலையும் தருமபுரித் தோட்டத்தையும் எண்ணி ஏங்கியதாக அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. அடுத்து, ஹைதராபாத் நிஜாம் 1800இல் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் பகுதிகளில் பாளையக்காரர்களை அடக்கி நிலம் அளக்கும் பொறுப்பு வந்தது. பாளையக்காரர் என்போர் படை வைத்திருந்த சிற்றரசர்கள். அவர்களை ஒடுக்கியதில் அவர் காட்டிய கடுமையை, குடியானவர்பால் அவர் காட்டிய பரிவோடு சேர்த்தே எடைபோட வேண்டும். விதித்த தீர்வை மிகை என்பதை உணர்ந்த அவர், 1807இல் அதை நான்கில் ஒரு பங்கு குறைக்கப் பரிந்துரைத்தார். மேலிடம் அப்போது அதை ஏற்கவில்லை. ஏட்டளவில் பரிவான முறை, உயர்ந்த தீர்வையாலும் கீழ்நிலை வருவாய் ஊழியர்களாலும் கொடுமையாக மாற முடியும் என்பதை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப்பின் 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணையம் வெளிப்படுத்தியது.

இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின் 1807இல் தாயகம் புறப்பட்டார். ஆனால் அவர் ஊர் சேரும் முன்பே தாய் மறைந்துவிட்டார், தந்தை தளர்ந்திருந்தார். 1814 மார்ச்சில், ஐம்பத்திரண்டு வயதில், அயர்ஷயரைச் சேர்ந்த ஜேன் கேம்ப்பெல்லை மணந்து, நீதி நிருவாகத்தைச் சீரமைக்கும் ஆணையத்தின் தலைவராக அவ்வாண்டே மனைவியோடு சென்னை திரும்பினார். 1817–18 மராத்தியப் போரில் பிரிகேடியர் ஜெனரலாக, குறைந்த படையோடு, நாட்டு மக்களின் துணைகொண்டு தென் மராத்தியக் கோட்டைகளைப் பிடித்தார். பின்னர் 1819இல் தாயகம் செல்லும் வழியில் கப்பலிலேயே மூத்த மகன் தாமஸ் பிறந்தான். மறு ஆண்டு ஆளுநராகத் திரும்புகையில் குழந்தையைப் பிரிட்டனிலேயே விட்டுவர நேர்ந்தது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு அன்று இது வழக்கமான பிரிவே.

இரண்டாம் மகன் கேம்ப்பெல் 1823இல் சென்னையில் பிறந்தான். ஆளுநர் வேலையை விட்டு ஊருக்குப் போக அவர் அவ்வாண்டே விரும்பினாலும், பர்மியப் போர் வந்து தடுத்தது. சென்னையிலிருந்து படைகளையும் தளவாடங்களையும் அனுப்பிய பணிக்காக 1825இல் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. இந்தியர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்துவதாகும் என்று வாதிடும் அவருடைய 1824 டிசம்பர் 31 குறிப்பும் இக்காலத்தது. சிறுவன் கேம்ப்பெல்லின் உடல்நலக் குறைவால் 1826இல் ஜேன் அவனை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். அதன்பின் ஆளுநரின் கிண்டித் தோட்டத்தில் தனியே உலாவி, பிள்ளை ஓடிய இடங்களைக் கண்டு மனம் வெதும்பி எழுதிய கடிதங்கள், அரசாங்கக் குறிப்புகளின் இறுக்கமான நடைக்குப் பழகியவரை வியக்கவைக்கும். அவ்வாண்டு நீலகிரிக்குச் சென்று, அங்கே கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவனின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது அனுபவித்த குளிரையும் மனைவிக்கு விரிவாக எழுதியிருக்கிறார்.

பதவியைத் துறந்து அடுத்த ஆளுநரை எதிர்பார்த்திருந்த வேளையில், தாம் ஒருகாலத்தில் அளந்த பகுதிகளைப் பார்த்து விடைபெற 1827இல் வடக்கே புறப்பட்டார். வழியில் படையினரிடையே காலரா பரவியது. ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் அந்நோயால் இறந்த மன்றோவைக் குத்தி என்னும் ஊரில் அடக்கம் செய்தனர். 1831இல் உடல் எடுத்துவரப்பட்டு சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் வைக்கப்பட்டது. பிரான்சிஸ் சான்ட்ரே வடித்த குதிரைச் சிலை 1839இல் சென்னைத் தீவுத்திடலருகே நிறுவப்பட்டது. சேணமும் அங்கவடியும் அதில் இல்லாதது பற்றிச் சென்னையில் கதைகள் பல உண்டு. தருமபுரியிலும் அவர் பெயரில் நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. ஜேன் 1850 வரை வாழ்ந்தார். பாரனெட் பட்டம் கப்பலில் பிறந்த தாமஸுக்கும், அவர் 1901இல் இறந்தபின் சென்னையில் பிறந்த கேம்ப்பெல்லுக்கும் சென்றது.