எச்.எல்.ஏ-பி27

எச்.எல்.ஏ-பி27 என்பது உடற்செல்களின் மேற்பரப்பில் காணப்படும் ஒரு புரதம் ஆகும். இதற்கான மரபணு 6ஆம் நிறப்புரியில் (குரோமோசோம்) அமைந்துள்ளது. புரதத் துணுக்குகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது இதன் பணி. முதுகெலும்பையும் கண்ணையும் தாக்கும் இரு அழற்சி நோய்களுடன் இது தொடர்புடையது.

முதுகெலும்பு அழற்சி

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது முதுகெலும்பை நாளடைவில் இறுகச் செய்யக்கூடிய மூட்டழற்சி ஆகும். இது பெரும்பாலும் 45 வயதுக்கு முன் தொடங்குகிறது. காலை நேர விறைப்பும், ஓய்வெடுத்தாலும் தீராமல் உடற்பயிற்சியால் குறையும் முதுகுவலியும் இதன் அறிகுறிகள். பி27 உடனான தொடர்பை 1973இல் இலண்டன், லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஐரோப்பிய வழி நோயாளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் பி27 காணப்படுகிறது.

கண் அழற்சி

இந்நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கண்ணின் கதிராளிப் பகுதியில் திடீர் அழற்சி (யுவைட்டிஸ்) ஏற்படுகிறது. பொதுவாக ஒரு கண் மட்டும் சிவந்து வலிக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். தொற்றும் கண்வலி என்று எண்ணிக் காலந்தாழ்த்தினால், கதிராளி கண்வில்லையுடன் ஒட்டிக்கொண்டு பார்வை பாதிக்கப்படலாம். கண்மணியை விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இதனைத் தடுக்க உதவுகின்றன.

சிலருக்கு முதுகெலும்பு நோய் கண்டறியப்படும் முன்பே கண் அழற்சி தோன்றுகிறது. ஆகவே யுவைட்டிஸ் நோயாளிக்கு நெடுநாள் முதுகுவலி இருப்பின் மூட்டு மருத்துவரின் ஆய்வு தேவை.

சோதனையின் வரம்பு

பி27 இருப்பது நோய் அன்று. அதனை உடையோரில் பெரும்பாலோருக்கு இந்நோய்கள் வருவதில்லை. அது இல்லாதோருக்கும் வரக்கூடும்.